சூரியனுக்கு நேரே பைக் ஓட்டுபவருக்குக் கறுப்பு வைசர் போதுமா?

காஞ்சிபுரத்திலிருந்து பூந்தமல்லிப் பக்கம் தினமும் பைக்கில் போய் வருகிறீர்கள். காலை 6 மணிக்குக் கிளம்பினாலும் சூரியன் முகத்துக்கு நேரே, சாயங்காலம் 5 மணிக்குத் திரும்பினாலும் முகத்துக்கு நேரே. ஹெல்மெட்டுக்கு ஸ்மோக் வைசர், அதாவது முகத்துக்கு முன்னால் இறங்கும் கறுப்பு மூடி, வாங்கலாமா, கூலிங் கிளாஸே போதுமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: முன்னால் போன லோடு ஆட்டோ பிரேக் போட்டதே தெரியவில்லை என்று. உண்மையான கேள்வி அதுதான். அதற்குக் கறுப்பு வைசர் விடையில்லை.

கண் கூசுவது ஒன்று, கண் மறைப்பது இன்னொன்று. கூச்சம் என்பது தொந்தரவு: முகத்தைச் சுளிக்கிறோம், தண்ணீர் வருகிறது, தலை வலிக்கிறது. மறைப்பு வேறு வகை. சூரிய ஒளி கண்ணுக்குள் நுழையும்போது விழிவெண்படலத்திலும் (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) லென்ஸிலும் பட்டுக் கொஞ்சம் சிதறுகிறது. சிதறிய ஒளி விழித்திரை முழுக்க ஒரு வெள்ளைத் திரைபோலப் பரவுகிறது. அந்தத் திரைக்குப் பின்னால் சாம்பல் நிற ரோடும் சாம்பல் நிற ஆட்டோவும் ஒன்றாகிவிடுகின்றன. இப்போது பாதி ஒளியை மட்டும் விடும் வைசரைப் போட்டால் என்ன ஆகும்? சூரியனும் பாதியாகும், திரையும் பாதியாகும், ஆட்டோவும் ரோடும்கூடப் பாதியாகும். விகிதம் அப்படியே இருக்கும். கூச்சம் குறையும், கண்ணுக்கு நிம்மதியாக இருக்கும். தெரியாத ஆட்டோ மட்டும் தெரியாமலேயே இருக்கும்.

மறைப்பைக் குறைக்க இரண்டே வழி. ஒன்று, சூரிய வட்டத்தைக் கண்ணுக்குப் படாமல் தடுப்பது. இன்னொன்று, கண்ணுக்கு வெளியே ஒளியைச் சிதறடிக்கும் கீறல், தூசு, எண்ணெய்ப் பூச்சை ஒழிப்பது. முதலாவதன் பலன் பெரிது. நீங்கள் பார்க்கும் இடத்துக்கும் சூரியனுக்கும் இடையிலான கோணம் இரட்டிப்பானால் அந்த வெள்ளைத் திரை சுமார் கால் பங்காகிறது. 5 டிகிரியில் பார்வையை அழிக்கிற சூரியன் 20 டிகிரிக்கு ஏறியதும் பதினாறில் ஒரு பங்குதான் தொல்லை தரும். கார்க்காரர் சன் வைசரை மடக்கி இறக்குவது இதற்குத்தான். பைக்கில் அந்த வேலையைச் செய்ய வைசரின் மேல் விளிம்பில் ஒளி புகாத ஒரு பட்டை போதும். ரேஸ் ஓட்டுபவர்களும் நீண்ட தூரம் போகிறவர்களும் வெகுகாலமாகச் செய்துவருவது. செலவும் ஐம்பது, நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

பட்டையை எங்கே ஒட்டுவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஹெல்மெட்டை மாட்டி, வாரை இறுக்கி, வழக்கமாக ஓட்டும் நிலையில் பைக்கில் உட்காருங்கள். நேரே எதிரே பார்க்கும்போது கருவிழிக்கு நேர் எதிரில் வைசரின் வெளிப்பக்கம் சிறு காகித டேப் துண்டு ஒன்றை வீட்டில் யாரையாவது ஒட்டச் சொல்லுங்கள். அதுதான் கண் மட்டம். முழுமுக ஹெல்மெட்டில் கண்ணிலிருந்து வைசர் பெரும்பாலும் 7, 8 செ.மீ. தள்ளி இருக்கும். அந்தத் தூரத்தில் கண் மட்டத்துக்கு 2 செ.மீ. மேலே பட்டையின் கீழ் விளிம்பு வந்தால், சுமார் 15 டிகிரிக்கு மேலே நிற்கும் சூரியன் தலையை அசைக்காமலே மறைந்துவிடும். அதைவிடத் தாழ்ந்த சூரியனுக்கு முகவாயை 5 முதல் 10 டிகிரி தாழ்த்தினால் போதும். கண்களை மட்டும் கொஞ்சம் உயர்த்தி ரோட்டைப் பார்க்கலாம். முதல் நாளே 2 செ.மீ.க்குக் கொண்டுவராதீர்கள். 3 செ.மீ. மேலே ஆரம்பித்து, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்த்து, 5 மி.மீ. 5 மி.மீ. ஆக இறக்குங்கள். ரொம்ப இறக்கினால் சிக்னல் விளக்கும் மேம்பாலத்துப் பெயர்ப்பலகையும் மறையும், ஒவ்வொரு தடவையும் கழுத்தைத் தூக்க வேண்டிவரும்.

கறுப்பு இன்சுலேஷன் டேப் வேண்டாம். வெயிலில் வண்டியோடு ஹெல்மெட்டையும் நிறுத்தினால் பசை இளகி வழியும், டேப் நகரும், ஓரத்தில் மண் ஒட்டும். நம்பர் பிளேட் ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கர் கடையில் பளபளப்பில்லாத கறுப்பு வினைல் கேளுங்கள். ‘மேட் பிளாக்’ என்றால் புரியும். ஓரங்களை வளைவாக வெட்டச் சொல்லுங்கள், கூர்மையான மூலைதான் முதலில் உரியும். வைசரின் இரண்டு பக்கத் திருகு மூடிகளுக்கு 1 செ.மீ. முன்பே பட்டை முடிந்துவிட வேண்டும். சோப்புத் தண்ணீர் தெளித்து, ஒட்டி, பழைய ஏடிஎம் கார்டில் துணி சுற்றி நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுங்கள். ஓர் இரவு காய விடுங்கள். பின்னாளில் கழற்றும்போது பசை மிஞ்சினால் பெட்ரோலும் தின்னரும் கிட்டே வரக் கூடாது. சமையல் எண்ணெய் ஒரு சொட்டு வைத்து விரலால் உருட்டி எடுத்து, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் கலந்த தண்ணீரில் கழுவுங்கள்.

ஆஃப்ரோடு ஹெல்மெட்டின் முன்நீட்டமும் இதே வேலையைச் செய்யும், இன்னும் நன்றாகவே செய்யும். ஆனால் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் காற்று அதைப் பிடித்துத் தலையை மேலே இழுக்கும். உங்கள் நெடுஞ்சாலைப் பயணத்துக்கு அது கழுத்துக்குக் கூடுதல் வேலை.

அடுத்து, கீறல். இரவில் இருட்டறையில் மொபைல் டார்ச்சை எரியவிட்டு எதிரே ஒரு மேசையில் வையுங்கள். வைசரைக் கண்ணுக்கு முன் ஹெல்மெட்டில் இருக்கும் தூரத்தில் பிடித்து, டார்ச்சுக்குக் கொஞ்சம் கீழே உள்ள பொருளைப் பாருங்கள். புது வைசரில் டார்ச் ஒரு புள்ளியாகத் தெரியும். தேய்ந்த வைசரில் டார்ச்சைச் சுற்றிச் சிலந்திவலைபோல வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் மின்னும், கீழே உள்ள பொருள் பாலில் நனைத்ததுபோல வெளுத்துப்போகும். பகலில் நிழலில் வைத்துப் பார்த்தால் அதே வைசர் சுத்தமாகத்தான் தெரியும். அதனால்தான் யாரும் மாற்றுவதில்லை. தினமும் 100 கி.மீ. ஓடுபவர் மூக்குக்கண்ணாடியைப் பார்த்துக்கொள்வதுபோல வைசரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சோதனையில் வலை தெரிந்தால் பாலிஷ் போட முயலாதீர்கள். டூத்பேஸ்ட் தேய்ப்பது, கார் பாலிஷ் போடுவது எல்லாம் மேலே உள்ள கடினப் பூச்சை உரித்துவிடும். ஒரு மாதத்தில் முன்பைவிட மோசமாகும். உங்கள் ஹெல்மெட் மாடலுக்கான புது வைசர் வாங்கி மாட்டுங்கள். உள்நாட்டு ஹெல்மெட்டுகளுக்குப் பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான்.

கீறல் வருவதே துடைக்கும் விதத்தால். காய்ந்த பூச்சியையும் புழுதியையும் கைக்குட்டையால் தேய்ப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். ஈரத்துணியை வைசர்மேல் 10 நிமிடம் போர்த்தி வையுங்கள், பூச்சி ஊறிவிடும். பிறகு ஓடும் தண்ணீரில் விரலால் கழுவி, ஒரு சொட்டு சோப்பு லிக்விட் தடவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். வைசர் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அம்மோனியா கலந்த ஜன்னல் கிளீனர், சானிடைசர், பெட்ரோல் எல்லாம் அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கும். உள்பக்கத்தையும் மறக்காதீர்கள். மூச்சுக்காற்றும் வியர்வையும் சேர்ந்து உள்ளே படியும் எண்ணெய்ப் படலம் நேர் வெயிலில் கீறலுக்குச் சளைத்ததல்ல. மார்கழிக் காலையில் ஆவி படிந்தால் வைசரை ஒரு கிளிக் திறந்து வையுங்கள். பைக்கில் விண்ட்ஷீல்டு இருந்து அதன் வழியாகப் பார்த்து ஓட்டினால், அதற்கும் இதே சோதனை, இதே கழுவல்.

இதெல்லாம் செய்த பிறகு கறுப்பைப் பற்றிப் பேசலாம். முன்பு நடப்பிலிருந்த ஐரோப்பிய ஹெல்மெட் விதியான இசிஇ 22.05இன்படி வைசர் 80 சதவீதத்துக்கு மேல் ஒளியை உள்ளே விட வேண்டியிருந்தது. 50 முதல் 80 சதவீதம் என்றால் பகலில் மட்டும் என்ற அடையாளம் அதில் பொறித்திருக்க வேண்டியிருந்தது. எத்தனை சதவீதம் என்றே எழுதாமல் விற்கும் ‘மெர்க்குரி’, ‘ரெயின்போ’ வைசர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வானவில் மினுக்கு பார்ப்பவருக்குத்தான், போட்டவருக்கு எந்த லாபமும் இல்லை. உங்கள் பயணத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. டிசம்பரில் இங்கே சூரியன் மறைவது மாலை 5.45 வாக்கில். நம் ஊரில் அந்திப்பொழுது மிகவும் குறைவு, 20 நிமிடம் சொச்சத்தில் இருட்டிவிடும். 5 மணிக்குக் கிளம்பி 50 கி.மீ. ஓட்டினால் கடைசிக் கால்மணி நேரம் இருட்டில்தான். கறுப்பு வைசரைத் தூக்கிவிட்டு ஓட்டினால் கண்ணில் பூச்சி, இறக்கினால் குழி தெரியாது. எனவே நிரந்தர ஸ்மோக் வைசர் உங்களுக்கு ஒத்துவராது. வெளியே தெளிவான வைசர், உள்ளே நெம்புகோலால் இறக்கி ஏற்றும் கறுப்பு வைசர் என்று இரண்டும் உள்ள ஹெல்மெட்தான் உங்களுக்குச் சரி. பாலத்தடியில் நுழையும்போது ஒரு விரலில் ஏற்றிவிடலாம். மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் அந்த உள்வைசர் கண்ணாடியில் இடிக்கிறதா என்று கடையிலேயே இறக்கிப் பாருங்கள்.

ஹெல்மெட் மாற்றும் எண்ணம் இல்லையென்றால் கூலிங் கிளாஸ். இதில் வகை எண் ஒன்று உண்டு. நல்ல கண்ணாடிகளின் காதுக்கம்பி உள்பக்கம் பார்த்தால் இருக்கும். வகை 2 என்பது 18 முதல் 43 சதவீதம் ஒளியை விடுவது, வகை 3 என்பது 8 முதல் 18 சதவீதம், வகை 4 அதற்கும் கீழே. வகை 4 போட்டு எந்த வண்டியும் ஓட்டக் கூடாது. இப்போது கணக்கைப் பாருங்கள். 50 சதவீத ஸ்மோக் வைசருக்குள் 15 சதவீத வகை 3 கண்ணாடி போட்டால் கண்ணுக்கு வருவது 7.5 சதவீதம். இரண்டுமே தனித்தனியாக விதிக்கு உட்பட்டவை, சேர்ந்தால் தடைசெய்த வகை 4. தெளிவான வைசருக்குள் வகை 2 என்றால் கால் பங்கு ஒளி வரும்; காலை, மாலைச் சூரியனுக்கு அது தாராளம். நிறம் சாம்பலோ பழுப்போ இருக்கட்டும். பழுப்பில் விளிம்புகள் தெளிவாகத் தெரிவதாகப் பலர் சொல்வார்கள். அது அவரவர் கண்ணைப் பொறுத்தது, போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். மஞ்சள் ‘நைட் டிரைவிங்’ கண்ணாடி எதிர்வண்டி விளக்கின் கூச்சத்துக்கும் உதவாது, இருக்கிற கொஞ்ச ஒளியையும் தின்னும். காதுக்கம்பி மெல்லியதாக, வளைவில்லாமல் நேராக இருந்தால்தான் ஹெல்மெட்டுக்குள் நுழையும், காதுக்கு மேலே அழுத்தாது.

வெயிலில் தானாகக் கறுக்கும் ஃபோட்டோகுரோமிக் கண்ணாடி இருப்பவர்கள் ஹெல்மெட்டுக்குள் அது கறுக்கவில்லை என்று கடைக்காரரோடு சண்டை போடுவதுண்டு. கடைக்காரர்மேல் தப்பில்லை. அது கறுப்பதே புற ஊதாக் கதிரால். பாலிகார்பனேட் வைசர் அந்தக் கதிரை முன்பே தடுத்துவிடுகிறது. போதாததற்கு நம் ஊர்ச் சூட்டில் அந்த வேதிப்பொருள் முழுதாகக் கறுக்காது. வைசரே ஃபோட்டோகுரோமிக்காக இருந்தால் கறுக்கும், ஆனால் மறுபடி வெளுக்கச் சில நிமிடம் எடுக்கும்.

போலரைஸ்டு கூலிங் கிளாஸ் பற்றி நீங்கள் தனியாகக் கேட்கவில்லை, ஆனால் கடையில் முதலில் அதைத்தான் நீட்டுவார்கள். கிடைமட்டப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியை அது வெட்டும். நேரே வரும் சூரிய ஒளிக்கு அது வெறும் கறுப்புக் கண்ணாடிதான். ஈர ரோட்டில் பளபளப்பைக் குறைப்பது உண்மை, ஆனால் அதற்கும் கோணம் உண்டு. சூரியன் 37 டிகிரி உயரத்தில் இருக்கும்போது தண்ணீரில் தெறிக்கும் ஒளியை ஏறக்குறைய முழுதாக வெட்டும். உங்கள் பிரச்சினையே 10 டிகிரிச் சூரியன். அங்கே அதே கறுப்பு அளவுள்ள சாதாரணக் கண்ணாடியைவிட சுமார் 30 சதவீதம்தான் கூடுதலாகக் குறைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வெயில் அடிக்கும் மாலைகளில் அந்த 30 சதவீதமும் லாபம்தான், ஏனென்றால் கீழிருந்து வரும் ஒளியைப் பட்டையால் தடுக்க முடியாது. இன்னொரு பக்கம், சில பைக்குகளின் டிஜிட்டல் மீட்டர் போலரைஸ்டு வழியாகக் கறுத்துப்போகும், வைசரில் வானவில் திட்டுகளும் தெரியலாம். ரோட்டில் டீசல் சிந்திய மினுக்கையும் அது மறைக்கிறது என்று சிலர் குறை சொல்வார்கள், தண்ணீருக்கு அடியில் குழி தெரிகிறது என்று சிலர் புகழ்வார்கள், இரண்டும் நடக்கக்கூடியதே. வாங்கும்போது கடைக் கால்குலேட்டரைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே கண்ணாடியை மெதுவாகத் திருப்புங்கள். அரைச் சுற்றுக்குள் எண்கள் கறுத்து மறைந்தால் அது நிஜப் போலரைஸ்டு.

இனி உங்கள் ரோடு. ஆண்டு முழுக்க ஒரே தொல்லை இருக்காது, கவனித்திருப்பீர்கள். காஞ்சிபுரத்திலிருந்து பூந்தமல்லிக்கு ரோடு நேர் கிழக்கே போகவில்லை. மொத்தத்தில் கிழக்கிலிருந்து 25, 30 டிகிரி வடக்கே சாய்ந்து போகிறது. நம் அட்சரேகையில் சூரியன் ஜூனில் நேர் கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே உதிக்கிறது. எனவே மே கடைசியிலிருந்து ஜூலை வரை காலைச் சூரியன் ரோட்டின் நுனியில் நிற்கும். டிசம்பரில் அது மேற்கிலிருந்து அதே 24 டிகிரி தெற்கே மறைவதால், நவம்பர் முதல் ஜனவரி வரை மாலைச் சூரியன் அதே ரோட்டின் மறுநுனியில் நிற்கும். ஜூன் மாலையிலும் டிசம்பர் காலையிலும் அது பக்கவாட்டில்தான். இங்கே சூரியன் மணிக்கு 13 முதல் 15 டிகிரி ஏறுகிறது. கையை நீட்டி மடக்கிய முஷ்டி சுமார் 10 டிகிரி. அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையே ஒன்றரை முஷ்டி இடைவெளி வந்துவிட்டால் மோசமான கட்டம் தாண்டிவிட்டது. ஜூனில் உதயம் 5.45க்குச் சற்று முன், அந்தக் கட்டம் முடிய 7 மணி ஆகும். டிசம்பரில் 4.40க்குத் தொடங்கி 5.45 வரை. ஷிப்ட் மாற்றச் சொல்லி ஹெச்.ஆரிடம் கேட்கும் நிலை யாருக்கும் இல்லைதான். ஆனால் டிசம்பரில் 5 மணிக்குக் கிளம்புவதற்குப் பதில் கேண்டீனில் ஒரு டீ குடித்துவிட்டு 5.30க்குக் கிளம்பினால், கண் மறைக்கும் ஓட்டம் 45 நிமிடத்திலிருந்து 15 நிமிடமாகும். மற்றவர்கள் தங்கள் ரோட்டின் திசையை மொபைல் காம்பஸில் பார்த்துக்கொள்ளலாம். 66 முதல் 114 டிகிரிக்குள் அல்லது அதையொட்டி இருந்தால் ஆண்டில் ஏதோ ஒரு காலத்தில் சூரியன் நேரே வரும். ஈசிஆர் போன்ற வடக்கு தெற்கு ரோடுகளில் இந்தத் தலைவலியே கிடையாது.

ஓட்டும் விதத்தில் ஒரே ஒரு மாற்றம் மிக முக்கியம்: வேகம். 60 கி.மீ.யில் போகும்போது, பார்த்து, புரிந்து, பிரேக் பிடித்து நிற்கக் காய்ந்த தார்ரோட்டில் கிட்டத்தட்ட 50 மீட்டர் வேண்டும். 40 என்றால் 27 மீட்டர் போதும். வெள்ளைத் திரைக்குப் பின்னால் 30 மீட்டர்தான் தெரிகிறது என்றால் 60இல் போவது கண்ணை மூடிக்கொண்டு போவதுதான். பஸ் நிழலில் ஒண்டிக்கொண்டு போகும் தந்திரம் சிலருக்கு உண்டு. பஸ் கூரை உங்கள் கண்ணைவிட ஒன்றே முக்கால் மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், சூரியன் 5 டிகிரியில் இருக்கும்போதே 20 மீட்டருக்குள் ஒட்டிப் போக வேண்டும். 10 டிகிரியில் 10 மீட்டர். பஸ் சட்டென்று நின்றால் மிச்சக் கணக்கை நீங்களே போடலாம். இடது கையைத் தூக்கி நெற்றியில் வைப்பதும் வேண்டாம், கிளட்சுக்கு அந்தக் கை வேண்டும். உங்களுக்குத் தெரியாததுபோலவே உங்கள் பின்னால் வருபவருக்கும் உங்கள் பிரேக் விளக்கு தெரியாது. நிற்பதற்கு முன் பிரேக்கை லேசாக இரண்டு முறை தட்டிக் காட்டுங்கள். சூரியன் முதுகில் இருக்கும் நாட்களில் நிம்மதியாக இருக்கத் தோன்றும். அப்போது உங்கள் நிழல் முன்னால் நீளமாக விழுந்தால், எதிரே வந்து வலப்பக்கம் திரும்பக் காத்திருக்கும் வண்டிக்காரருக்கு நீங்கள் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2017 ஏப்ரல் முதல் வரும் வண்டிகளில் ஹெட்லைட் தானாக எரிகிறது. சூரியனோடு போட்டிபோட அது போதாது.

கடைசியாகக் கண். புது வைசர், பட்டை எல்லாம் ஆன பிறகும் சூரியனைச் சுற்றி பெரிய வெளுப்பு தெரிந்தால், வண்டியை ஓரங்கட்டி, சூரியனை நேரே பார்க்காமல் அதற்குக் கீழே உள்ள ரோட்டைப் பார்த்தபடி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒரு கண்ணில் மட்டும் அதிகம் என்றால் அது வைசர் அல்ல. வயது ஏற ஏறக் கண்ணுக்குள் சிதறல் கூடும். 70 வயதில் அது இளவயதுபோல இரண்டு மடங்கு. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் ஸ்டீராய்டு மருந்து நீண்ட நாள் எடுத்தவர்களுக்கும் நாற்பதுகளிலேயே லென்ஸின் பின்பக்கம் புரை வரலாம். வைசரைத் திறந்து ஓட்டி கண் வறண்டுபோனாலும் கூச்சம் கூடும். இதில் எது என்பதை எழுதிச் சொல்ல முடியாது, பரிசோதித்துத்தான் பார்க்க வேண்டும். கண் மருத்துவரிடம் போகும்போது “எழுத்து நன்றாகத் தெரிகிறது, எதிர்வெயிலில்தான் வெளுத்துப்போகிறது” என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். மங்கலான அறையில் எழுத்துப் பலகையை 6/6 படித்துவிடுகிற கண்ணிலும் இந்தப் புரை இருக்கலாம். கருவிழியை விரிய வைத்து ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் அகப்படும். விரிய வைக்கும் சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் கண் கடுமையாகக் கூசும் என்பதால், அன்றைக்கு பைக்கை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள்.